தண்ணீர் ஓடாத பைப்

1. அளவெடுத்த நாள்

அன்று கீழறையில் நின்றவர்கள்: வீட்டுக்காரர் சிவபாலன், கனடாவில் வேலை செய்து ஓய்ந்து திரும்பியவர். அவருடைய மனைவி மலர். என்னோடு வேலை செய்யும் மேசன் யோகன். நான். ஒரு தவளையும் நின்றது. அதையும் எழுதச் சொல்கிறான் யோகன். அது வேலைக்கு வந்ததில்லை.

நானும் மேசன்தான். எழுதிப் பழக்கமில்லை. வேலை பழகுகிறவர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

வீடு கோப்பாயில். வீட்டுக்கு அடியில் ஒரு அறை. அரைவாசி நிலத்துக்குள், அரைவாசி வெளியே. எங்கள் பக்கத்தில் முழுவதும் இறக்க ஏலாது. மாரியில் கிணற்றுத் தண்ணீர் ஏறும்போது அறையும் கிணறாகிவிடும். நாங்கள் வரும்வரை அதற்குள் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மலர் அக்கா கலியாண வீடுகளுக்கு ஆலாத்தித் தட்டு, தாம்பூலத் தட்டு எல்லாம் அலங்கரித்துக் கொடுப்பவர். ஹோல் முழுக்கச் சரிகையும் மணியும் பசையும். உட்காரப் போனால் ஊசி குத்தும். அவருக்கு வேலை செய்ய ஒரு அறை வேணும். பாலன் அண்ணைக்கு விருந்தாளி படுக்க ஒரு அறை வேணும். இருந்தது ஒரே அறை.

"ரெண்டையும் ஒண்டிலை செய்யலாம்," என்றேன். "கட்டிலைச் சுவரோடை மடிக்கலாம். பகலிலை அக்காவுக்கு, இரவிலை விருந்தாளிக்கு."

"விருந்தாளி ஆரெண்டு கேளுங்கோ மேசன்," என்றார் மலர் அக்கா.

கேட்டேன்.

பரமண்ணை. வட்டுக்கோட்டை ஆள். ரொறன்ரோவில் இவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். அவர் மேலே, இவர்கள் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில். பதினேழு வருடம். வைகாசியில் ஊருக்கு வருகிறார். ஒரு கிழமை இங்கேதான் தங்கப்போகிறார்.

"நல்ல மனுசனோ?" யோகன் கேட்டான்.

"வாடகை கூட்டேக்கையும் சிரிச்சுக்கொண்டுதான் கூட்டுவார்," என்றார் மலர் அக்கா.

பாலன் அண்ணை சிரிக்கவில்லை. "மேசன், அவர் ஒரு கிழமை நாங்கள் இருந்த மாதிரிக் கீழை இருந்து பாக்கவேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அதே மாதிரி அறை கட்டித் தாரும்."

நாற்பது வருடத்தில் நல்ல அறை கேட்டவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

2. யன்னல், பைப், சுவிச்சு

முதல் சண்டை யன்னலில்.

"பிஸ்கற் பெட்டியளவு போதும்," என்றார் பாலன் அண்ணை. "எங்களுக்கு அவ்வளவுதான் இருந்தது. அதுவும் பனி மூடிப்போம்."

"ஊசிக்கு நூல் கோக்க எனக்கு வெளிச்சம் வேணும். உங்கடை கோபத்துக்கு நான் கண்ணைக் குடுக்க ஏலாது."

"நீர் பேசாமல் இரும்."

"பதினேழு வருஷம் பேசாமல்தானே இருந்தனான்."

பெரிய யன்னல் வைத்தோம்.

இரண்டாவது பைப்.

"இதிலை குறுக்கை ஒரு பைப் போகவேணும்," என்றார்.

"தண்ணிப் பைப்போ?"

"இல்லை."

"கழிவோ?"

"ஒண்டும் ஓடாது. சும்மா போகட்டும். அங்கை சூட்டுக் காத்துப் போற குழாய் ஒண்டு இருந்தது."

"எவ்வளவு உயரத்திலை?"

அவர் அளவு சொல்லவில்லை. கண்ணை மூடினார். கதவடியில் இருந்து நடந்து வந்தார். அறையின் நடுவில் தலை தானாகக் குனிந்தது. அப்படியே நின்றார். யோகன் அவருடைய நெற்றிக்கு நேரே சுவரில் பென்சிலால் கோடு போட்டான்.

"அண்ணை, வாற சனத்துக்குத் தலை அடிபடும்," என்றேன்.

"அடிபடட்டும். எனக்கு அடிபட்டது."

நாலு அங்குலப் பி.வி.சி. பைப்பை இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு ஏற்றினேன். இரண்டு முனையும் பூச்சுக்குள் முடிந்தது. எதையும் எதோடும் சேர்க்காத பைப் நான் வைத்தது அது ஒன்றுதான். முனையைப் பூச முதல் யோகன் அதற்குள் பார்த்து, "ஆராவது இருக்கிறியளோ?" என்று கத்தினான்.

மூன்றாவது ஃபான். ஃபான் கீழே இருக்கட்டும், அதன் சுவிச்சும் ரெகுலேற்றரும் மேலே ஹோலில் இருக்கவேணும் என்றார்.

"கீழை படுக்கிறவர் மேலை ஏறிவந்தோ ஃபான் போடுறது?"

"கேக்கட்டும். எங்களுக்கும் சூடு கூட்டுற குமிழ் மேலை அவையின்ரை ஹோலிலைதான் இருந்தது. விறைச்சுப்போய்ப் போன் எடுத்து, 'அண்ணை, கொஞ்சம் கூட்டி விடுங்கோ' எண்டு கேப்பன்."

"கூட்டுவாரோ?"

"'ஒரு ஸ்வெற்றரைப் போடு பாலன்' எண்டுவார்."

அது பிழையான வேலை என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் சொன்னேன். கேட்கவில்லை. சுவரை வெட்டி வயரை மேலே கொண்டுபோகக் குழாய் விட்டுக் கொடுத்தேன்.

மிச்ச வேலை நல்லாகவே வந்தது. வெளிச்சுவருக்குத் தார் பூசினோம். யன்னலுக்குக் கீழே நீட்டு மேசை, மேலே தட்டுகள் அடுக்க இறாக்கை. வெங்காய மணம் மட்டும் போகவில்லை. மூன்று தரம் சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

3. விருந்தாளி

பரமண்ணை வந்தபோது எங்களுக்கு வெளிப்படி வேலை மிச்சம் இருந்தது. அதனால் எல்லாம் கண்டோம்.

வான் வண்டியில் இருந்து இறங்கினார். பாலன் அண்ணையை விட ஒரு பிடி உயரம். எழுபது தாண்டிய ஆள். காதில் மெஷின். நேரே கீழறைக்குக் கூட்டிப்போனார்கள்.

"டங்."

"ஐயோ!"

பாலன் அண்ணை எங்களைத் திரும்பிப் பார்த்தார். கலியாண மாப்பிள்ளை மாதிரி முகம்.

அது அன்றோடு சரி. அடுத்த நாள் வேலைக்குப் போனால் பரமண்ணையின் சேட்டும் சாரமும் துவாயும் பைப்பில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் சொன்னார்: "ஆரோ யோசிச்சு வைச்சிருக்கிறான். கொடி கட்டத் தேவையில்லை." பிறகு மலர் அக்காவும் மாலைகளைக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டார். உடுப்பும் மாலையும் தொங்கினதில் பைப் தூரத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு ஒருவருக்கும் தலை அடிபடவில்லை.

அங்கே பரமண்ணை இவர்களுக்கு மேலே நடந்த மாதிரி, பாலன் அண்ணை விடியவெள்ளன கனடாச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழறைக்கு மேலே நடந்தாராம். காலையில், "நித்திரை எப்பிடி அண்ணை?" என்று கேட்டார்.

"அருமை. மேலை வெக்கை, கீழை குளிர்மை. நான் காது மெஷினைக் கழட்டிப்போட்டுத்தான் படுக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. இப்பிடி நித்திரை கொண்டு எவ்வளவு காலம்!"

மேலே படுத்த பாலன் அண்ணைக்குத்தான் கண் சிவந்திருந்தது.

பிறகு சுவிச்சு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பரமண்ணை கீழே சாய்வார். கொஞ்ச நேரத்தில் சத்தம் வரும்.

"பாலன்! ஃபானை மூண்டிலை விடு!"

பாலன் அண்ணை கதிரையால் எழும்பிப்போய் விடுவார். வந்து இருப்பார்.

"பாலன்! கூடிப்போச்சு! ஒண்டாக்கு!"

எழும்புவார்.

"அண்ணை, கனடாவிலையும் உங்களுக்கு இவ்வளவு வேலை இருந்ததோ?" என்று யோகன் கேட்டான். நான் அவனைச் சாந்து குழைக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பாலன் அண்ணை சுவிச்சடிக்குப் போகவில்லை. பரமண்ணை கீழே இருந்து கத்தினார். "பாலன்! குளிருது! நிப்பாட்டு!"

பாலன் அண்ணை படியடிக்குப் போனார். சேட்டை இழுத்துச் சரிசெய்தார். அவர் இவ்வளவு காலமும் வைத்திருந்த சொல் அது. சத்தமாகச் சொன்னார்:

"ஒரு ஸ்வெற்றரைப் போடுங்கோ அண்ணை!"

கீழே இருந்து பதில் வந்தது.

"நல்ல யோசினை! மலர் தந்த சால்வை கிடக்கு!"

பிறகு குறட்டை கேட்டது.

ஒரு கிழமை முடிந்தது. பரமண்ணை பெட்டியைக் கட்டவில்லை. இன்னும் ஒரு கிழமை நிற்கப்போகிறேன் என்றார். மலர் அக்காவுக்கு ஒரு கலியாண வீட்டு ஓடர் இருந்தது. பகலில் கட்டிலை மடித்துவிட்டு பரமண்ணையையும் மேசையில் இருத்தி மணி கோக்க விட்டார். நல்லாகக் கோத்தார். பாலன் அண்ணை மட்டும் மெலிந்தார்.

4. கேட்ட கேள்வி

கடைசியில் பாலன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. நான் கீழறை வாசற்படிக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். பரமண்ணையும் மலர் அக்காவும் மேசையில் இருந்தார்கள்.

"அண்ணை, இந்த அறையைப் பாக்க உங்களுக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லையோ?"

பரமண்ணை சுற்றிப் பார்த்தார். "வெங்காயம்?"

"அந்தப் பைப்பைப் பாருங்கோ."

"ஓம், நானும் சொல்லவேணும் எண்டிருந்தனான். கொடிக்கு நல்லது. ஆனால் போற இடம் பிழை. மேசனுக்குக் கண் தெரியாது போலை."

நான் பூசினேன்.

மலர் அக்கா ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார். "அண்ணை, இது உங்கடை வீட்டுப் பேஸ்மென்ற். உது உங்கடை பைப். மேலை இருக்கிற சுவிச்சு உங்கடை சூட்டுக் குமிழ். நாங்கள் பட்டதை நீங்களும் படவேணும் எண்டு இவர் கட்டுவிச்சவர்."

"எங்கடை வீட்டிலையோ? உப்பிடி ஒரு பைப் போகுதோ?"

"நீங்கள் கண்டதில்லையோ?" பாலன் அண்ணை கேட்டார்.

"நான் எங்கை கண்டன்? நான் வீடு வேண்டேக்கை கீழை வேறை சனம் இருந்தது. பிறகு நீங்கள். வாடகையை நீ மேலை கொண்டுவந்து தருவாய். நான் ஏன் கீழை இறங்கிறன்?"

பாலன் அண்ணை வந்து படியில் இருந்தார். ஈரப்பூச்சு. நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது சொல்லக்கூடிய விஷயமில்லை. பிறகு அந்தப் படியைத் திரும்பப் பூசினேன்.

பரமண்ணை அன்று முழுக்க மணி கோத்தார். ஒருவரையும் ஃபான் போடச் சொல்லிக் கத்தவில்லை.

அடுத்த நாள் காலை என்னைக் கூப்பிட்டார். "மேசன், அந்தச் சுவிச்சைக் கீழை இறக்கும். பாலன் பாவம்."

இறக்கினோம். பைப்பையும் வெட்டவோ என்று கேட்டேன். மாலை எங்கே தொங்கவிடுகிறது என்று மலர் அக்கா விடவில்லை.

பழகுகிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சுவிச்சு, அதைப் பாவிக்கிறவரின் கைக்கு எட்டவேணும். வீட்டுக்காரர் என்ன காரணம் சொன்னாலும் வேறு இடத்தில் வைக்காதே. வைத்தால் பூசின சுவரை இரண்டாம் தரம் வெட்டவேண்டி வரும். வைக்கச் சொன்னவர்தான் ஓடித் திரிவார்.

அன்று பின்னேரம் நாங்கள் சாமான் கழுவிக்கொண்டிருந்தோம். பரமண்ணை வெளிப்படியில் இருந்து வட்ஸ்அப்பில் கனடாவுக்குக் கோல் எடுத்தார். அங்கே அப்போது விடிந்திருக்கும். அவருடைய பேஸ்மென்றில் இப்போது படிக்கிற பெடியன்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கென்றுதான் அவர் வாடகைக்குக் கொடுத்தது. ஒருவன் நித்திரைக் குரலில் கதைத்தான். காது கேளாததால் பரமண்ணை சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பாலன் அண்ணையும் யன்னலடிக்கு வந்து நின்றார்.

"தம்பி, கீழை குறுக்காலை ஒரு பைப் போகுதோ?"

"ஓம் அங்கிள். என்ன, திடீரெண்டு?"

"தலை அடிபடுறதோ?"

"ஒவ்வொரு நாளும் அங்கிள்."

பரமண்ணை கண்ணாடியைக் கழற்றினார். பாலன் அண்ணையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனுக்குள் தணிந்த குரலில் கேட்டார்.

"பாவங்கள். எத்தினை பேருக்கடா அடிபடுது?"

பெடியன் நித்திரையில் எண்ணினான்.

"ஆறு பேருக்கு."