நாலு மணிப் பேப்பரும் எங்கள் குறிகளும்

சுனாமி வந்து ஐந்தாவது வருஷம் இது. திருப்பூரைத் தனி மாவட்டம் ஆக்கியதும் இந்த வருஷம்தான். எங்கள் கிளை நூலகத்து போர்டில் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்று இருந்ததை அழித்து எழுதப் பெயிண்டர் வந்திருந்தார். அவர் ஏறி நின்ற ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடைக்காரர் செல்போனும் கையுமாக ரோட்டைத் தாண்டி வந்து, "நம்ம லைப்ரரியம்மா தவறிட்டாங்களாமுங்க" என்றார். பெயிண்டர் பிரஷ்ஷைத் தூக்கியபடியே, "எழுதட்டுங்களா, நாளைக்கு வரட்டுங்களா?" என்று என்னைக் கேட்டார். எழுதுங்க என்றேன். அவர் எழுதி முடிக்கிறவரைக்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

காய்ச்சல் என்று ஜெபமணி அம்மா லீவு போட்டுத் திருச்செந்தூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. முகம் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வாசகர் வட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லச் சொல்ல, இப்போது நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணம்மா எழுதுகிறது.

வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் துணி அலசியவன் நான். நூலகத்து வாசலில் செருப்பைக் கழற்றினதில்லை. சுனாமி வந்த மறுநாள்தான் முதல்முதலில் படியேறினேன். எங்கள் பட்டறையில் பாதிப்பேர் தெக்கத்திக்காரர்கள். கடலோரத்துச் சேதி கேட்டு ஒவ்வொருத்தர் முகமும் செத்துக் கிடந்தது. உள்ளே பேப்பரைச் சுற்றி ஒரே கூட்டம். நான் பின்னால் நின்று, "என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்டேன். ஒருத்தரும் திரும்பவில்லை. மேஜையிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, பேப்பரை வாங்கி வராந்தாவுக்குக் கொண்டுபோய், முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். ஊர் பேர், ஆள் கணக்கு, எதையும் தாண்டாமல், குரல் உடையாமல் படித்தார். அவருடைய அக்கா வீடு கடற்கரையில் இருந்ததும், அதுவரைக்கும் அங்கிருந்து ஒரு தகவலும் வராமல் இருந்ததும் எனக்கு ஒரு மாசம் கழித்துத்தான் தெரியும். அக்கா தப்பித்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "நாளைக்கும் வாங்க அண்ணாச்சி" என்றார். உள்ளே 'அமைதி' என்று எழுதியிருக்கிறதாமே, சத்தம் போட்டுப் படிக்கலாமா என்று கேட்டேன். "அது உள்ள. இது வராந்தா. பேப்பரைக் கண்ணுக்கு மட்டுமா அச்சடிக்காங்க?" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை லீவு தவிர தினமும் நாலு மணிக்கு வராந்தாவில் பேப்பர். எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். நிலையாக உட்கார்ந்தது மூன்று பேர். நான், குன்னத்தூரில் ஆடு மேய்த்துவிட்டு இங்கே கம்பெனி வாட்ச்மேனாக வந்த நாச்சிமுத்து, பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் பார்த்த மாராத்தாள். நாச்சிமுத்துவுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் முதலில் படிக்க வேண்டும். "உங்க போட்டோ வந்திருக்குதான்னு பாக்கறீங்களா?" என்பாள் மாராத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா நூலகத்தில் கண் பரிசோதனை முகாம் வைத்தார். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் காட்டி நாச்சிமுத்துவைப் படிக்கச் சொன்னார். அவர் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பெரிய எழுத்தைக் காட்டினார். அதற்கும் பேச்சில்லை. பார்வை சுத்தமாகப் போய்விட்டது என்று டாக்டர் எழுதப் போனார். அப்போது நாச்சிமுத்து, "கண்ணு நல்லாத் தெரியுதுங்க சாமி, எழுத்துத்தானுங்க தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஜெபமணி அம்மா மட்டும் சிரிக்காமல் ஒரு அட்டையில் முள்கரண்டி மாதிரி பெரிதும் சிறிதுமாக வரைந்து மாட்டி, பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டச் சொன்னார். அதற்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பாதிப்பேர் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள்.

இனி நான் சொல்வது பலருக்குத் தெரியாது. மேலே இருந்து ஒரு அதிகாரி வந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஆறு பேர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இத்தனை குறைந்த கூட்டத்துக்குத் தனி நூலகம் எதற்கு, டவுன் நூலகத்தோடு சேர்த்துவிடலாம் என்று எழுதிக்கொண்டு போனார். தப்பு எங்களுடையது. அந்த நோட்டு படிப்பவர்களுக்கு என்று நினைத்து, தினமும் அதை ஒதுங்கித் தாண்டித்தான் வராந்தாவில் உட்கார்ந்தோம். நோட்டைப் பொறுத்தவரைக்கும் நாங்கள் வந்ததே இல்லை.

இங்கிருந்து டவுனுக்குப் போய்ப் பேப்பர் கேட்க எங்களால் ஆகாது. அது தெரிந்தும், அந்த அம்மா மைப்பெட்டியைக் கொண்டுவந்து பெருவிரல் வைக்கச் சொன்னபோது நாங்கள் மாட்டோம் என்றோம். "கைநாட்டு வெச்சுத்தானுங்க எங்கப்பன் காட்டைத் தொலைச்சாரு" என்று நாச்சிமுத்து கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன். அந்த அம்மா மைப்பெட்டியை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து, எப்போதும்போல அஞ்சலி விளம்பரத்தில் ஆரம்பித்தார். மறுநாளும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாள் இப்போதும் என் நெஞ்சில் கிடக்கிறது.

மூன்றாம் நாள் நானே போய், "அம்மணி, கைநாட்டு வேண்டாமுங்க. பட்டறையில துணி ஓரத்துல போடற குறியைப் போடட்டுங்களா?" என்றேன். பட்டறையில் எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆளுக்கொரு குறி உண்டு. சாயம் திட்டாக விழுந்தால் யார் அலசிய துணி என்று அதை வைத்துத்தான் பிடிப்பார்கள். என்னுடையது வட்டம், நடுவில் ஒரு கோடு.

"அதே குறியை வேற யாரும் போடுவாங்களா அண்ணாச்சி?"

"போட்டா அடிதடி ஆயிருமுங்க."

"அப்ப அது கையெழுத்துதான்" என்று பேனாவை நீட்டினார். கீழே பேர் எழுதட்டுமா என்று கேட்டார். பேரும் சேர்ந்தால் பத்திரம் மாதிரி ஆகிவிடும், எழுத வேண்டாம் என்றேன். சரி என்றார்.

நாச்சிமுத்து தன் ஆட்டுக் காதில் போடும் குறியைப் போட்டார், மூன்று வெட்டு. மாராத்தாள், செக்கிங்கில் டேமேஜ் பீஸ்மேல் ஒட்டும் அம்புக்குறியைப் போட்டாள். நாச்சிமுத்து பார்த்துவிட்டு, "பொருத்தமாத்தான் இருக்குது" என்றார். "உங்க ஆட்டுக் காதுக்கு இது தேவலைங்க" என்றாள். விஷயம் பரவி, பட்டறைக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்து குறி போட்டார்கள்.

அதிகாரி மறுபடி வந்தார். நோட்டைப் புரட்டி, இதென்ன கிறுக்கல் என்றார். "வாசகர்கள் சார்" என்றார் அந்த அம்மா. எழுத்துத் தெரியாதவர்கள் எப்படி வாசகர்கள் என்று அவர் கேட்டார். மணி நாலு. அந்த அம்மா பேப்பரோடு வராந்தாவுக்கு வந்து, படிப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, போன திங்கக்கிழமை நொய்யல் தண்ணியைப் பத்தி என்ன போட்டிருந்தான்?" என்று கேட்டார். நான் சொன்னேன். எந்தப் பக்கம், படத்தில் எத்தனை பேர் நின்றார்கள், அதற்குக் கீழே என்ன விளம்பரம் என்பதுவரை சொன்னேன். அதிகாரி உள்ளே போய் அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். நூலகம் இங்கேயே இருந்தது. அன்றைக்கும் அந்த அம்மா பேப்பரை முழுசாகப் படித்தார்.

அவர் வைத்துவிட்டுப் போனதில் என்னிடம் இருப்பது ஒன்றுதான். நாலு மணி ஆனால் கால் தானாக வராந்தாவுக்குப் போகிறது. சேதி வந்த அன்றும் போய் உட்கார்ந்தேன். யாரும் படிக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து வந்தேன்.

நேற்று கண்ணம்மா பழைய பதிவேட்டை எடுத்து வந்து, கடைசித் தாளை என்னிடம் காட்டியது. பென்சிலில் நாலு குறி, ஒன்றின்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்ன எழுத்து. பதிவேட்டில் எங்கள் குறிக்குக் கீழே பேர் எழுத மாட்டேன் என்ற சொல்லைக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் இங்கே எழுதி வைத்திருக்கிறார். படி கண்ணு என்றேன்.

மூன்று வெட்டு, நாச்சிமுத்து. அவர் போய் இரண்டு வருஷம். அம்புக்குறி, மாராத்தாள். போன ஐப்பசி மழையில் போனாள். மூன்றாவதாக ஒரு பனைமரம், நான் பார்த்ததே இல்லாத குறி. பக்கத்தில் ஜெபமணி என்று எழுதியிருக்கிறதாம். தனக்கும் ஒன்று வைத்திருந்திருக்கிறார்.

நாலாவதாக ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் இருந்ததைக் கண்ணம்மா படித்தது: பழனிச்சாமி.