நோரீன் பிடித்த அறுபத்து மூன்று படங்கள்

நோரீன் ஹேலக் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்காவில் ரீனோ நகருக்கு வடக்கே நடக்கும் விமானப் பந்தயத்துக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு பந்தயத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் கணவன் டாரலின் விமானம் தரையை விட்டு எழும்பியதும் எங்கள் வண்டிக்குப் பின்னால் போய், வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அங்கிருந்தே கேட்பாள்.

"ஷாபி, எத்தனை வருது?"

"ஏழு."

"எத்தனை கிளம்புச்சு?"

"ஏழுதான் கிளம்புச்சு. உன் ஆளு அஞ்சாவதா வர்றான்."

அந்தப் பதிலைச் சொல்வது என் வேலை. மற்ற நாட்களில் பக்கத்து ஊரான ஸ்பார்க்ஸில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். சனி, ஞாயிறு டாரலின் விமானத்தைப் பார்த்துக்கொள்வேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானிகளைப் பழக்கிய வகை. ஒன்பது சிலிண்டர் எஞ்சின், முன்னால் இரண்டு இதழ் விசிறி, உடம்பெல்லாம் மஞ்சள். பக்கவாட்டில் 'புதர்க்கோழி' என்று டாரலே பெயர் எழுதியிருந்தான். அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவன். பூமிக்குள் துளை போட்டுச் சம்பாதித்ததை எல்லாம் வானத்தில் எரிக்கிறான் என்று நோரீன் சொல்வாள்.

நோரீனுக்கு வாகன உரிம அலுவலகத்தில் வேலை. நீலத் திரைக்கு முன்னால் ஆளை உட்காரவைத்துப் படம் எடுக்கும் கவுண்டர். அதனால்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் குழுவுக்குப் படம் பிடித்துத் தந்த ஆள் ஐடஹோவுக்குக் குடிபோய்விட்டான். டாரலுக்குக் குழாய் விற்கிற கம்பெனி, காலண்டருக்குப் புதர்க்கோழியின் படம் கேட்டிருந்தது. டாரல் ஒரு கேமராவைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

"நீதான் நாள் பூரா படம் புடிக்கிறியே. இதையும் புடிச்சுக் குடு."

"அங்க வர்றவங்க உக்காந்திருப்பாங்க, டாரல்."

"அப்பவே அவங்க மூஞ்சி பொணம் மாதிரிதான் விழுது. நான் ஓடிக்கிட்டே இருக்கேன், எனக்காவது நல்லா விழட்டும்."

அந்த ஆண்டு முதல்முறையாக அவள் வானத்தைப் பார்த்து நின்றாள். ஆயிரத்து நானூறு படம் எடுத்தாள். பாதிப் படங்களில் வால் மட்டும் இருந்தது, மீதியில் வெறும் வானம். உருப்படியாக விழுந்த ஏழெட்டுப் படங்களை மடிக்கணினியில் டாரலுக்குக் காட்டினாள். அவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தான்.

"எஞ்சின் நின்னு போச்சா எனக்கு?"

விசிறி அசையாமல் நின்றது. இரண்டு இதழும் கத்தி மாதிரித் தெளிவாக, குழந்தை அறையில் நூல் கட்டித் தொங்கவிட்ட பொம்மை விமானம்போல இருந்தது. மணிக்கு இருநூற்று முப்பது மைல் வேகத்தில் போன விமானம் அது.

ஆனால் அன்று மாலை அவள் என்னிடம் சொன்னது வேறு. "ஷாபி, இன்னிக்குப் பயமே இல்ல. கேமராவுக்குள்ள பாத்தா அது வெறும் விமானமா இருக்கு. அதுக்குள்ள அவன் இருக்கறது மறந்துபோகுது."

அதற்காகவே அவள் அதைக் கற்றுக்கொள்ள முடிவு செய்தாள் என்று நினைக்கிறேன்.

பந்தயத் திடலைச் சுற்றிலும் உயரமான கம்பங்கள் நட்டிருக்கும். விமானங்கள் அவற்றை இடமாகச் சுற்றி வரவேண்டும். அனுமதிச்சீட்டு வாங்கிய படக்காரர்களைப் பேருந்தில் ஏற்றி அந்தக் கம்பங்களுக்கு அடியில் கொண்டுபோய் விடுவார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பேருந்தில் நோரீனுக்குப் பக்கத்தில் க்வென் ஸ்டாட்லர் உட்கார்ந்தாள். பார்சல் வண்டி ஓட்டுகிறவள், நோரீனைவிடப் பத்து வயது சிறியவள், வாயில் பூட்டு கிடையாது. நோரீனின் பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"ஷட்டர் என்ன வச்சீங்க?"

"ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆடாம விழணும்னு."

"அதான் விசிறி செத்துக் கிடக்கு. நூத்தி இருவத்தஞ்சுல ஒரு பங்குக்கு இறக்குங்க. விசிறி சுத்தும்."

"அப்ப விமானமும் கலங்கிப் போகுமே."

"போகும். நீங்களும் அது கூடவே அதே வேகத்துல திரும்பினா போகாது. கையால திருப்பாதீங்க, இடுப்பால திரும்புங்க. அது போனப்புறமும் நிறுத்தாதீங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீங்க என்னைவிடப் பொறுமைசாலி மாதிரி தெரியுது. அஞ்சு ஆகும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க நோரீன் நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்று லாரிகளைப் படம் பிடித்தாள். லாரியின் எழுத்து படிக்கும்படி இருக்கவேண்டும், சக்கரம் சுழலவேண்டும். மார்ச்சில் பிரமிட் ஏரிக்குப் போய், தண்ணீரை ஒட்டிப் பறக்கும் கூழைக்கடாக்களை எடுத்தாள். அவை மெதுவாகப் பறந்ததால் மனதுக்கு ஆறுதலாக இருந்ததாம். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். லெமன் பள்ளத்தாக்கில் ஒரு மண்சாலை. அவள் ஓரத்தில் நிற்க, நான் என் வண்டியை எழுபது மைல் வேகத்தில் போவதும் வருவதுமாக ஓட்டவேண்டும். ஒருநாளில் நாற்பது தடவை.

"உன் மூஞ்சி தெளிவா விழணும், ஷாபி. சக்கரம் சுத்தணும்."

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"அழிச்சிடுவேன். கவலப்படாத."

இடுப்பு வலியால் பட்டை கட்டாமல் அவள் வெளியே வந்ததே இல்லை. நூறு எடுத்தால் நாலு தேறியது. மறு ஆண்டு நூற்றுக்கு ஒன்பது. விசிறி இரண்டு பக்கமும் புகைபோல விரிந்து, நடுவில் டாரலின் தலைக்கவசம் தெளிவாக இருந்த ஒரு படம் காலண்டரில் ஜூலை மாதத்துக்கு வந்தது. டாரல் அதை எல்லோரிடமும் காட்டினான். அவளிடம் மட்டும், "ஜூலைதான் குடுத்தானா" என்றான்.

அதற்கடுத்த செப்டம்பரில் அது நடந்தது. சனிக்கிழமை, காலை வெயில், காற்று அதிகமில்லை. நோரீனும் க்வென்னும் ஐந்தாம் கம்பத்தடியில் இருந்தார்கள். நான் திடலில், காதில் ரேடியோவோடு.

நான்காவது சுற்றில், கம்பத்தை நெருங்கும்போது புதர்க்கோழியின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ பிய்த்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி முன்கண்ணாடி முழுவதும் எண்ணெய். டாரல் வேகத்தை உயரமாக மாற்ற, விமானத்தை நேரே மேலே இழுத்தான். ரேடியோவில் அவன் குரல் வந்தது. ஆபத்தில் விமானிகள் சொல்லும் 'மேடே' என்ற சொல்லை மூன்று முறை சொன்னான், மளிகைக்கடையில் பால் கேட்கிற குரலில்.

கம்பத்தடியில் நடந்ததை க்வென் பிறகு எனக்குச் சொன்னாள். அவள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள். "நோரீன், அது டாரலோட விமானம்" என்றாள்.

"தெரியும்" என்றாள் நோரீன். கேமராவை இறக்கவில்லை. இடுப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். விமானம் மேலே போனது, ஒரு கணம் அங்கேயே நின்றதுபோல இருந்தது, பின் ஓடுபாதையை நோக்கிச் சரிந்தது. அது முழுவதும் அவள் கூடவே திரும்பினாள். புதர்க்கோழி பாதையில் இறங்கி, ஓரத்துக்குப் போய், மண்ணில் குதித்துக் குதித்து ஓடி, புழுதிக்குள் மறைந்தது. அப்போதுதான் கேமராவை இறக்கினாள். மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற விமானங்கள் இறங்கும்வரை பேருந்து வராது. கம்பத்தடி நடுவரின் ரேடியோவில், விமானி வெளியே வந்துவிட்டார், நடக்கிறார் என்று தகவல் வந்தது. அதற்குப் பிறகும் இருபது நிமிடம் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

டாரலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் ஓடிப்போனபோது அவன் விமானத்தின் இடப்பக்கம் நின்றிருந்தான். எண்ணெய் ஊற்றும் துளையின் சின்னக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மூடியும் சங்கிலியில் தொங்கியது.

"காலையில எண்ணெய் ஊத்தினது யாரு?"

"நான்தான்."

"மூடினியா?"

"மூடினேன், டாரல்."

"பின்ன இது என்ன? எண்ணெய் எல்லாம் இந்த வழியாப் போயிருக்கு. காஞ்சு போய் சிலிண்டர் வெடிச்சிருக்கு. என்னைக் கொன்னிருப்ப, ஷாபி."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். இத்தனை ஆண்டுப் பழக்கம். நான் மூடினேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் அப்படிச் சொன்னதும் என் விரல்கள் அந்த மூடியைத் திருகியதை என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. உண்மையில் மூடினேனா? கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் போகவில்லை. பட்டறையிலும் மூன்று நாள் ஒவ்வொரு மூடியையும் இரண்டு முறை திருகிப் பார்த்தேன்.

நோரீன் அந்தப் படங்களை ஒரு வாரம் திறக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை மதியம் போன் செய்தாள்.

"விமானக் கொட்டகைக்கு வா, ஷாபி."

"அவன் இருக்கானா?"

"இருக்கான். அதுக்குத்தான் வரச் சொல்றேன்."

கொட்டகையில் டாரல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நோரீன் மடிக்கணினியை வேலை மேசைமேல் வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். அறுபத்து மூன்று படங்கள்.

மூன்றாவது படத்தில் புதர்க்கோழி கம்பத்துக்கு நேரே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எண்ணெய்த் துளைக் கதவு மூடியிருந்தது. அதன் திருகாணிகூடத் தெரிந்தது. நாலாவதில் எஞ்சினின் முன்விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை, கதவு மூடித்தான் இருந்தது. ஆறாவதில் முன்பக்கத்திலிருந்தே எண்ணெய் கோடாக வழிந்தது. அதற்குப் பிறகு படத்துக்குப் படம் விசிறி வேகம் குறைய, அதன் மங்கலான வட்டம் குறுகிக்கொண்டே வந்தது. ஐம்பதாவது படத்திலும் கதவு மூடியிருந்தது. மண்ணில் குதித்த பிறகு எடுத்த கடைசிப் படத்தில்தான் அது திறந்திருந்தது.

"சிலிண்டர்தான் மொதல்ல போயிருக்கு" என்றாள் நோரீன். "கதவு, மூடி எல்லாம் மண்ணுல குதிச்சப்ப தொறந்திருக்கு."

டாரல் மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தனை பேர் முன்னால சொன்னேன்" என்றான்.

"ஆமா."

"அத்தனை பேர்கிட்டயும் போய்ச் சொல்றேன்."

சொன்னான். ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சொன்னான் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் நான் நோரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

"எல்லாமே தெளிவா விழுந்திருக்கு பாரு" என்றாள். "அறுபத்து மூணுல அம்பத்தெட்டு. என் வாழ்க்கையிலயே இப்படி எடுத்ததில்ல." டாரல் பக்கம் திரும்பினாள். "நீ சாகப்போறன்னு தெரிஞ்சும் நான் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்திருக்கேன், டாரல். உன் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடல. நல்ல பொண்டாட்டியா இருந்தா கேமராவைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

டாரல் எழுந்திருக்கவில்லை. அவன் அணைத்துத் தேற்றுகிற ஆள் இல்லை. யோசித்துத்தான் பேசினான்.

"நான் உன்னை நெனைக்கல, நோரீன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் கண்ணாடிய மறைச்சதும் ஒரு தடவைகூட உன்னை நெனைக்கல. வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, பாதை எந்தப் பக்கம். அவ்வளவுதான். உன்னை நெனைச்சிருந்தா எறக்கியிருக்க மாட்டேன். நீ உன் வேலையப் பாத்த, நான் என் வேலையப் பாத்தேன். நீ கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கவா போகுது?"

நோரீன் மடிக்கணினியை மூடினாள். வெளியே போய்ச் சிறிது நேரம் தனியாக நின்றாள். திரும்பி வந்து, "யாராவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் ஸ்பார்க்ஸில் ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்த எங்கள் பாஸ்க் ஆட்களுக்காக என் அத்தை மகன் நடத்தும் உணவகத்துக்குப் போய் ஆட்டுக்கறி தின்றோம். பந்தயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

குளிர்காலம் வரை அவள் கேமராவைத் தொடவில்லை. டிசம்பரில் க்வென்தான் விடாப்பிடியாக அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். அன்று என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜனவரியில் நோரீன் மறுபடியும் எனக்குப் போன் செய்து, மண்சாலை காய்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

நானும் டாரலும் வேறு எஞ்சின் பொருத்தினோம். அடுத்த செப்டம்பரில் அவன் மூன்றாவதாக வந்தான், அவன் வாழ்க்கையிலேயே மேலான இடம். நோரீன் நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு ஷட்டரை இறக்கியிருந்தாள். க்வென்கூட அந்த வேகத்தைத் தொடுவதில்லை. தொள்ளாயிரம் எடுத்து, எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டை அழித்தாள். மிஞ்சிய இரண்டில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டினாள். விசிறி முழு வட்டமாக, காலை வெயிலில் பொன்போல விரிந்திருந்தது. விமானியின் மீசை மயிர்கூடத் தெரிந்தது.

டாரல் அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இது ஆறாவதா வந்தவன் விமானம்."

"ஆமா."

"என் கொட்டகையில."

"ஆமா, டாரல். உன்னோடது கொஞ்சம் கலங்கிடுச்சு" என்றாள் நோரீன். "அடுத்த வருஷம் கொஞ்சம் நேரா ஓட்டு."