மாற்றாமல் எழுதிய டிவிடி

என் நாத்தனாருக்கு இந்தத் தெருவில் 'தொடாதே மேடம்' என்று பெயர். வீட்டு வீடியோக்களை டிவிடியில் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். யார் என்ன கொண்டுவந்தாலும், "அப்படியே இருக்கட்டும், தொடாதீங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள். வீட்டிலும் அதே பாட்டுதான். அவள் மடித்து வைத்த துணிகளை நான் இன்னும் அழகாக மடித்ததற்கு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய அண்ணன் மனைவி. கடையில் ஒத்தாசைக்கு உட்காருவேன். சும்மா உட்காரத் தெரியாது, அதுதான் என் வியாதி.

அன்று காலை, கப்பலில் என்ஜின் வேலை பார்க்கிறவர் ஒருவர் கேமராவோடு வந்தார். அவருடைய மகள் அந்த வாரம்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு அவருக்குத் துறைமுகத்துக்கு பஸ். அப்புறம் எட்டு மாதம் கடல்தான். கப்பலில் சாப்பிடும் அறையில் ஒரு பழைய டிவிடி பிளேயர் உண்டாம்.

"போன தடவை வேற கடையில போட்டேங்க. பாப்பா முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. மூக்கு எது, வாய் எதுன்னே தெரியல. அதைத்தான் ஆறு மாசம் பார்த்தேன்," என்றார்.

நாத்தனார் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, வெற்று டிவிடி வாங்கக் கிளம்பினாள். "அண்ணி, எதையும் தொடாதீங்க."

தொட்டேன். 'மிக உயர்ந்த தரத்துக்கு மாற்று' என்று ஒரு பட்டன் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. நல்லதுதானே என்று அமுக்கினேன். மீதி நேரம் ஐந்து மணி நாற்பது நிமிடம் என்று திரையில் வந்தது. அப்போதே மணி பதினொன்று! நிறுத்தவும் பயம், விடவும் பயம். போன் செய்து திட்டு வாங்கவும் தைரியமில்லை.

நாலு கடை ஏறி இறங்கி அவள் திரும்பும்போது மணி இரண்டு.

"அய்யோ அண்ணி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"தரத்தைக் கூட்டினேன்," என்றேன், ரொம்ப விவரமாக.

"இஸ்திரி போட்ட சட்டையை மறுபடியும் துவைப்பீங்களா? கேமராவே டிவிடிக்கு வேண்டிய மாதிரிதான் எழுதியிருக்கு. அதைப் பிரிச்சு மறுபடி எழுதினா நேரமும் போகும், முகமும் போகும். போன தடவை அவருக்கு நடந்தது இதேதான்!"

பட்டென்று நிறுத்தினாள். நல்லவேளை, அசல் அப்படியே இருந்தது. தரையையும் செருப்பையும் படம் பிடித்திருந்த இடங்களை வெட்டி எறிந்தாள். அவர் மனைவி போனில் எடுத்த இரண்டு நிமிடத் துண்டு மட்டும் டிவிடிக்குப் பொருந்தாமல் இருந்ததால், அதை மட்டும் மாற்றினாள். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி டிவிடிக்குப் போனது. மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடை டிவியில் போட்டுக் காட்டினோம். அடேயப்பா! புதுசாக முளைத்த இரண்டு பல், மோவாயில் வழிகிற எச்சில், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மனுஷன் பூரித்துப் போனார். திடீரென்று காதைப் பொத்திக்கொண்டார்.

"வா வா வான்னு கத்துறது நானா? படம் முழுக்க இப்படியா கத்தியிருக்கேன்? மேடம், இந்தச் சத்தத்தை எடுத்துட முடியுமா?"

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது. தள்ளாடித் தள்ளாடி டிவியிடம் போய்த் திரையைத் தட்டியது.

"ப்பா!"

"அடியே, அப்பா இங்க இருக்கேன்டி!"

குழந்தை திரும்பவில்லை. குரல் வந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "சத்தம் இருக்கட்டும் மேடம். எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க. நாளையிலிருந்து இவ அங்கதான் தேடுவா."

மனுஷன் மெல்லக் குனிந்து, டிவி மேசைக்குப் பின்னால் தவழ்ந்து போய் உட்கார்ந்துகொண்டார். குழந்தை ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே அப்பா இருந்தார்.