ஆடிய கொளுக்கி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்தேன். ஒரு முறை எழுதத் தொடங்கி, பாதியில் கிழித்துப் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை வருமே என்ற வெட்கம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், இதை வாசிக்கிறவர் ஒரு நல்ல மனிதரைக் கள்ளன் என்றோ மடையன் என்றோ முடிவு கட்டிவிடுவாரோ என்பது. இன்று பிள்ளையாரைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளது உள்ளபடி வரட்டும்.

நானும் என் அக்காவின் கணவரான அத்தானும் யாழ்ப்பாணத்து உடுவிலில், எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டுத் தச்சு வேலை செய்தோம். கதவு, யன்னல், அலுமாரி, கேட்டால் கட்டிலும் செய்வோம். அளப்பதற்கு என்னிடம் மரத்தாலான மடக்கு அடிமட்டம் ஒன்று, மூலைமட்டம் ஒன்று. ஆனால் நான் உண்மையில் நம்பியது கோலை. ஒவ்வொரு வேலைக்கும் மெல்லிய சட்டம் ஒன்றைச் சீவி, அந்த வேலையின் அளவுகளை அதிலே கீறிவிடுவேன். பிறகு இலக்கமே பார்ப்பதில்லை. இலக்கத்தைக் கண் பிழையாக வாசிக்கும். கீறு கீறுதான்.

அத்தானுக்கு இது பிடிக்காது. "நீ இன்னும் ராசா காலத்திலைதான் இருக்கிறாய் மச்சான்" என்பார்.

வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கிய காலம் அது. யாழ்ப்பாணப் பட்டணத்துக் கடைகளில் அதுவரை காணாத கருவிகளெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கின. மயிரின் மொத்தத்தை, அதன் தடிப்பைக்கூட அளந்து காட்டும் இடுக்கி ஒன்றை அத்தான் ஒரு நாள் யாரிடமோ இரவல் வாங்கிவந்தார். ஒரு வேப்பம் பலகையை அதனால் அளந்து, அளவைப் பலகையிலேயே எழுதி வைத்தேன். இரண்டு நாள் மாரி மழைக்குப் பிறகு அதே பலகையை அதே இடத்தில் அளந்தேன். பலகை பருத்திருந்தது. "இப்ப எந்த அளவு சரி, அத்தான்?" என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று சொல்லி இடுக்கியைப் பறித்துக்கொண்டு போனார்.

ஆனாலும் அவர் விடவில்லை. பட்டணத்தில் நாங்கள் வழக்கமாக ஆணி, கதவுப் பிணைச்சல் வாங்கும் இரும்புக்கடை ஒரு முஸ்லிம் பெரியவருடையது. நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கடையில், சுருண்டு பெட்டிக்குள் ஓடும் உருக்கு ரேப், அதாவது அளவு நாடா ஒன்றை அத்தான் வாங்கி வந்தார். கடையிலேயே விலை கூடியது அதுதானாம். வெற்றிலை, பூ எல்லாம் வைத்துச் சாமி தட்டின் முன் படைத்துவிட்டுத்தான் வெளியே எடுத்தார். எடுத்துப் பலகையில் கொளுவியதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"மச்சான், இஞ்சை வா. இதைப் பார்."

ரேப்பின் நுனியில் பலகை விளிம்பைப் பிடிக்கிற சின்னத் தகட்டுக் கொளுக்கி இருக்கும் அல்லவா, அது ஆடியது. இழுத்தால் கொஞ்சம் வெளியே வந்தது. தள்ளினால் உள்ளே போனது.

"கிழவிப் பல்லு மாதிரி ஆடுது. இதாலையோ சரியா அளக்கிறது?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "நான் சொன்னனான்தானே" என்றேன்.

மறுநாள் பஸ் ஏறிக் கடைக்குப் போனோம். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொளுக்கியை ஆட்டிப் பார்த்தார். இன்னொரு ரேப்பை எடுத்தார். அதுவும் ஆடியது. பெட்டி முழுவதையும் மேசையில் கொட்டினார். எல்லாமே ஆடின.

"கம்பெனிக்காரன் அப்பிடித்தான் செய்திருக்கிறான் போலை, அண்ணை."

"ஏன் அப்பிடிச் செய்தவன்?" என்றார் அத்தான்.

"அது எனக்கும் தெரியாது."

"தெரியாமலோ விக்கிறியள்? கண்ணாடிப் பெட்டியிலை வைச்சா ஆடுறதெல்லாம் நேராப் போமே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானாவின் காது சிவந்தது. கொழும்பு மொத்த வியாபாரி கழிவுச் சாமானைத் தம் தலையில் கட்டிவிட்டான் என்று அவர் நினைத்துவிட்டார். "ஆடுற சாமானை என்ரை கடையிலை நான் விக்கமாட்டன்" என்றார். பெட்டியோடு தூக்கிப் பக்கத்துத் தெருக் கொல்லரிடம் கொண்டுபோய், ஒவ்வொரு கொளுக்கியையும் உள்ளே தள்ளி, ஆடாமல் தட்டி இறுக்கச் செய்தார். கூலி அவருடையது. அத்தானுடைய ரேப்தான் முதலில் இறுகியது. "இப்ப ஒரு சொட்டும் அசையாது, பாருங்கோ" என்று கொடுத்தார். அத்தான் இளகிவிட்டார். அந்த மகிழ்ச்சியில் நானா எங்களுக்கு ஒரு வேலையும் தந்தார். ஆணிகளைத் தரம் பிரித்துப் போட, பக்கம் பக்கமாக நிறைய லாச்சி, அதாவது இழுப்பறை, வைத்த ஓர் அலுமாரி.

மேல் பலகையை நான் கோல் வைத்து அறுத்தேன். லாச்சிகளையும் இடைச் சட்டங்களையும் அத்தான் ரேப் வைத்து அறுத்தார். கூட்டிப் பார்த்த அன்று, லாச்சிகளை எல்லாம் நெருக்கி அடுக்கியும் ஓரத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி நின்றது.

"உன்ரை கோல் நீண்டு போச்சு."

"கோல் நீளுமே, அத்தான்? உங்கடை ரேப்பைப் பாருங்கோ."

"கம்பெனிக்காரனைவிட நீ பெரிய ஆளோ?"

அன்று அக்கா கொண்டுவந்த தேத்தண்ணியை இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தோம்.

அந்தக் கிழமையே மருதனார்மடச் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் வேறு கதை கேட்டேன். அங்கேயிருந்த தச்சர் ஒருவர் சொன்னார்: "நானான்ரை ரேப்பாலை வெட்டினதெல்லாம் அளவு கட்டை. கொல்லனைக் கொண்டு தட்டுவிச்சவராம். பலகை விக்கிற மரக்காலைக்காரரோடை சேர்ந்த வேலை. பலகை கட்டையாப் போனா நாங்கள் திரும்பப் போய் வாங்கத்தானே வேணும்!" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். தட்டியதை நான் கண்ணால் கண்டவன். ஏன் தட்டினார் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். "நீங்கள் அவரிட்டை வேலை எடுத்திருக்கிறியள், அப்பிடித்தானே சொல்லுவியள்" என்று ஒருவர் வாயை அடைத்தார்.

வீட்டுக்கு வந்து அத்தானுடைய ரேப்பை எடுத்துக் கொளுக்கியைச் சின்ன உளியால் மெல்ல நெம்பினேன். பிடித்திருந்த ஆணிகள் இளகின. ஆணி ஓட்டைகள் வட்டமாக இல்லை. நீளமாக இருந்தன, இரண்டும் ஒரே அளவுக்கு, ஒரே திசையில். கவலையீனமாகத் துளைத்தவன் இவ்வளவு ஒழுங்காகப் பிழை விடுவானா? எனக்கு அந்த ஒழுங்கிலேயே சந்தேகம் வந்தது. ஒரு சட்டத்தைக் கொளுவி இழுத்து அளந்தேன். பிறகு அதே சட்டத்தை இரண்டு பலகைகளுக்கு நடுவில் இறுக்கி வைத்து, சட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியை ரேப்பால் முட்டித் தள்ளி அளந்தேன். இரண்டும் ஒன்று. கொளுக்கி ஆடிய தூரம், கொளுக்கித் தகட்டின் மொத்தம், அதன் தடிப்புத்தான். வெளியே பிடித்தால் தகட்டின் மொத்தம் கணக்கில் வரக்கூடாது, உள்ளே முட்டினால் வரவேண்டும். அதற்காகவே அது ஆடுகிறது. தள்ளி இறுக்கியதால் கொளுவி அளந்த ஒவ்வொரு துண்டும் ஒரு தகட்டு மொத்தம் கட்டையாகியிருக்கிறது. ஒரு கதவில் அது தெரியாது. பத்துப் பன்னிரண்டு லாச்சி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு விரல்.

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் இழுத்தும் தள்ளியும் பார்த்தார். "முருகா! அந்த மனிசனை நாங்கள் எல்லாரும் சேர்ந்து கவிட்டுப்போட்டம்" என்றார்.

நானாவிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். கேட்டு முடிந்ததும் மத்தியானத்தோடு கடையைப் பூட்டினார். யார் யார் வாங்கினார்கள் என்று நினைவுக்கு வந்த வரையில், வெயிலில் சைக்கிள் மிதித்து, பக்கத்து ஊர்களான திருநெல்வேலி, மருதனார்மடம் என்று தச்சர் வீடுகளுக்குப் போய் ரேப்களைத் திருப்பி வாங்கினார். நானும் கூடப் போனேன். ஒரு வீட்டுப் படலை வாசலில் வைத்து ஒருவர் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை.

"களவு பிடிபட்டவுடனை ஓடி வந்திட்டார், பாத்தியளே!"

திரும்பும் வழியில் நானா சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். "தட்டேக்கையும் நேர்மையெண்டு நினைச்சுத்தான் தட்டினன், தம்பி. திருப்பி எடுக்கேக்கையும் அப்பிடித்தான். ரெண்டுக்கும் கள்ளன் எண்ட பேர்தான் கிடைச்சுது. நீங்கள் உண்மையைச் சொன்னால் மடையன் எண்டுவினம். அது பரவாயில்லை. மடையன் கடையிலை சனம் சாமான் வாங்கும்."

விலை கூடிய கருவி தச்சனுக்கு வேண்டுமா என்று என்னிடம் இன்றும் கேட்கிறார்கள். நான் இன்னும் கோல்தான் வைத்திருக்கிறேன். மரம் மழைக்குப் பருக்கும், வெயிலுக்குச் சுருங்கும். மயிரிழைக் கணக்கு அதற்குப் புரியாது. நல்ல ரேப் ஒன்று இருந்தால் போதும். அதையும் வாங்கிய அன்றே திருத்த வெளிக்கிடக்கூடாது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரேப்பைச் சந்தேகித்தால் ரேப்புக்கு நோகாது. மனிசரைச் சந்தேகிப்பது அப்படியில்லை.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இதே கதையைச் சொன்னார். அவருடைய கதையில் நானா சிரித்துச் சிரித்துச் சுத்தியலால் தட்டுகிறார். மரக்காலைக்காரர் பக்கத்தில் நிற்கிறார். நானா இப்போது இல்லை, மறுத்துச் சொல்ல வரமாட்டார். அதனால்தான் எழுதிவிட்டேன். இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தால், தயவுசெய்து நான் சொன்னபடியே சொல்லுங்கள். சிரிப்புக்காக ஒரு சொல்லும் கூட்டவேண்டாம். பிழையாகத் தட்டினார் என்பதை மறைக்கவும் வேண்டாம். கொல்லருக்குக் கூலியைத் தன் கையால் கொடுத்துத் தட்டுவித்தார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.