கண்ணாடிக்குள் சிரித்த கிராணி

அந்தப் புகைப்படம் என் கையால் ஒரு சாண் அகலம். இடது ஓரத்தில் மூங்கில் கம்பத்தில் கொடி. நடுவில் பிரிட்டிஷ் அதிகாரி. அவர் தோளருகே வெள்ளைக் கால்சட்டையும் மாலையுமாகச் சிரிக்கும் ஒருவன். ‘மலாயா, 1945: விடுதலையை வரவேற்கும் ரப்பர் தோட்ட மக்கள்’ என்று கீழே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

1975 குளிர்காலம், ஒரு புதன்கிழமை. நாட்குறிப்பில் ‘தூறல்’ என்றும் இருக்கிறது. கிள்ளானிலிருந்து என்னைப் பார்க்க வந்த பெரியப்பாவுக்கு மெல்பர்னைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கத்தான் அந்தச் சிறிய போர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பெரியப்பா அந்தப் படத்தின் கண்ணாடியில் விரலை வைத்தார்.

“எங்க கிராணிடா இவன். மாலையப் பாரு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.”

கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. விடிகாலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையில் நிற்க, அவன் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவான். காய்ச்சலில் படுத்தவனுக்காக அண்ணனோ தம்பியோ குரல் கொடுப்பது வழக்கம், அவனும் கண்டுகொள்ளமாட்டான். சயாம் ரயில்பாதைக்கு ஜப்பானியர் ஆள் கேட்ட காலையில், காய்ச்சலில் கிடந்த பெரியப்பாவின் பெயரைக் கூப்பிட்டான். எதற்கென்று சொல்லவில்லை. வழக்கம்போல அப்பா “இருக்கேன்” என்றார். ஆள் மாறியது தெரிந்தும் லாரியில் ஏற்றினான். அப்பா திரும்பவில்லை. எனக்கு அப்போது மூன்று வயது.

போர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். விடுதலை நாளின் முன்வரிசைக்கு யார் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

பெரியப்பா வருகையாளர் புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் எழுதினார். பொறுப்பாளராக இருந்த முன்னாள் சிப்பாய், “நல்லபடியாகத்தானே எழுதுகிறார்?” என்று என்னிடம் கேட்டார்.

“படிச்சுச் சொல்லுடா,” என்றார் பெரியப்பா. “ஒரு வரி விடாம.”

சொன்னேன். படத்தின் கீழுள்ள வரியை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றார் அவர்.

வெளியே வந்ததும், “கிராணி இருக்கானா, செத்துட்டானா?” என்று கேட்டேன்.

“செத்துப் பத்து வருஷமாச்சு. மெத்தையில படுத்துச் செத்தான். அதான்டா எரியுது.”

அன்றிலிருந்து, அந்த வரியை மாற்றச் சொல்லி அருங்காட்சியகத்துக்கு ஆண்டுக்கொரு கடிதம் அனுப்பினேன். நகல்கள் தேதி வரிசையில் கோப்பில் உள்ளன. பெரியப்பா இறந்த பிறகும் நிறுத்தவில்லை. சென்ற வாரம்தான் பதில் வந்தது. என் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறார்களாம், படத்தை எடுத்துவிட்டார்களாம்.

இன்று மறுபடியும் எழுதினேன்: படத்தைத் திரும்ப மாட்டுங்கள். மாலையும் சிரிப்பும் அப்படியே இருக்கட்டும். கீழே, அவன் கூப்பிட்ட பெயரையும் அவன் ஏற்றிய ஆளின் பெயரையும் போடுங்கள். நான் பார்க்க வருவேன்.