அழுக்கு மாஸ்டரும் வெளுத்த கோட்டும்

தொலைக்காட்சி நாடக உலகத்தில் அவருக்கு 'அழுக்கு மாஸ்டர்' என்று பெயர். யாரும் கேலியாகச் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். காலையில் தையல்காரர் புத்தம் புதுச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தால், பொழுது சாய்வதற்குள் பத்து வருடம் உழைத்த சட்டையாக்கித் திருப்பித் தருவார். தேயிலைச் சாயம், செங்கல் தூள், இரும்பு பிரஷ், சட்டைப்பை தொய்ந்து தொங்குவதற்கு இரண்டு கூழாங்கல். அவ்வளவுதான் சாமான். மீதியெல்லாம் கை.

இப்பேர்ப்பட்ட மனிதரை மதிக்காத ஒரே ஆள் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி, லாண்டரிக் கடைக்காரர். "துணிய அழுக்காக்கறதுக்கு ஒரு மாஸ்டரா மாமா? எங்க வீட்டுச் சின்னது அதைச் சும்மாவே செய்யுதே" என்பார். முப்பது வருடமாக இதே பாட்டு. அந்த வாயிலிருந்து ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்பது மாஸ்டரின் நெடுநாள் வைராக்கியம்.

அதற்கும் வேளை வந்தது. சரித்திர நாடகம் ஒன்றின் உடைகளை அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், ஏழு வருடப் போர் முடிந்து கால்நடையாகவே வீடு திரும்பும் சிப்பாயின் கோட்டு. மாஸ்டர் பதினோரு நாள் பாடுபட்டது. உடைகளுக்கு உழைத்தவர்களைத் திறப்பு விழாவுக்கு முந்தின நாளே வந்து பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். மாஸ்டர் மனைவியோடு மச்சானையும் இழுத்துக்கொண்டு போனார்.

"கண்ணைத் தொடச்சிட்டுப் பாருடா" என்று பெட்டி முன்னால் நிறுத்தினார். நிறுத்தியவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கோட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் பளபளத்தது. கறை இல்லை, கிழிசல் இல்லை. விறைப்பாகக் கஞ்சி வேறு.

"யாரும்மா இந்த வேலையைப் பாத்தது?" என்று அவர் போட்ட சத்தத்தில் அருங்காட்சியகத்து அதிகாரி அம்மாள் ஓடி வந்தார்.

"உள்ள வர்ற துணியெல்லாம் சுத்தம் பண்ணித்தான் சார் வைக்கணும். பூச்சி வந்துடும்ல? நல்ல லாண்டரியாப் பாத்துத்தான் குடுத்தோம். அட, இந்த அண்ணன் கடைதான்!"

மச்சான் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"டேய், நீயா?"

"மூட்டையில வந்துச்சு மாமா. நான் நாடகம் எங்க பாக்கறேன்? ஏதோ நிஜமாவே போருக்குப் போயிட்டு வந்தவன் கோட்டுன்னு நெனச்சேன். மனசு கேக்கல. நாலு தண்ணி மாத்தித் துவைச்சேன். கிழிசலைத் தைச்சதுக்குக் காசுகூட வாங்கல."

மாஸ்டரின் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டருக்குக் கோபம் ஏறிய வேகத்தில் இறங்கியது.

"நிஜ அழுக்குன்னே நெனச்சியா?"

"காலரை மோந்துகூடப் பாத்தேன் மாமா."

"அழுக்குலயே பொழைக்கிறவன் நீ. நீயே ஏமாந்துட்டியா!" மாஸ்டரின் மார்பு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடும் அளவுக்கு விரிந்தது. "அம்மா, பெட்டியத் திறங்க. ஒரு படி செங்கல் தூள் வேணும். டேய், கைய மடிச்சு விட்டுட்டு வா. தையலை நீயே பிரி."

பின்னறையில் மச்சான் தன் கையாலேயே தான் போட்ட தையலைப் பிரித்தார், பிரஷ் பிடித்தார். "முழங்கையில இன்னும் அழுத்து. அவன் போர்ல தவழ்ந்தவன்டா" என்று மாஸ்டர் அதட்ட அதட்ட, வெள்ளை வேட்டியெல்லாம் செம்மண் நிறமாகும்வரை தேய்த்தார். கடைசியாகத் தேயிலைச் சாயத்தைப் பூச்சிமருந்தோடு கலந்து தெளித்ததில் அதிகாரி அம்மாளுக்கும் திருப்தி.

மறுநாள் கூடம் நிறையக் கூட்டம். சிப்பாயின் கோட்டைப் பார்த்து ஒரு பெண்மணி மூக்கைச் சுளித்தார். "ச்சே, துவைச்சாவது வெச்சிருக்கக் கூடாதா?"

பக்கத்தில் காவலாளி மாதிரி நின்றிருந்த லாண்டரிக்காரர் வெடுக்கென்று திரும்பினார்.

"துவைக்கிறதா? நல்லாப் பாரும்மா. அது எங்க மாமா போட்ட அழுக்கு!"

இரண்டு தூண் தள்ளி நின்ற மாஸ்டர், காதில் விழாதவர் போல, "என்னடா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு" என்றார்.