கரையில் நின்றே பதினொரு குளிர்காலம்

விசிலக்காவை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் ஆவிக்குள்தான் பார்ப்பார்கள். ஞாயிறு காலை ஏழு மணியாகியும் விடியாத வடக்குக் கோடி ஊர் அது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும். நகரசபை நீச்சல்குளத்தின் கதவைத் தள்ளினால் வெதுவெதுப்பு வந்து முகத்தில் அப்பும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துடைத்து மாட்டினால் எதிரே, கழுத்தில் விசிலும் காலில் ரப்பர் செருப்புமாக ஓர் அம்மாள்.

"வாங்க வாங்க, தண்ணி ஒண்ணும் கடிச்சிடாது."

வடக்கு வட்டார விளையாட்டுச் சங்கத்து அதிகாரியும் அப்படித்தான் பார்த்தார். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார்.

"இந்த வருஷம் சிறந்த தொண்டர் விருது உங்களுக்குத்தாம்மா. பெண்களுக்குன்னு ஒதுக்கின நேரத்தப் பதினொரு வருஷமா நடத்துறீங்க, முந்நூறு பேருக்கு நீச்சல் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அடுத்த வாரம் வர்றேன். தண்ணிக்குள்ள நின்னு சொல்லிக் குடுக்கற மாதிரி ஒரு போட்டோ எடுத்துடுவோம்."

விசிலக்கா படிவத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. குளத்தின் முதல் படியில்கூடக் கால் வைத்ததில்லை.

வார நாட்களில் அவருக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு ஹீட்டர் பழுதாகி, குளிர் காய்வதற்கென்றே இந்தக் குளத்தோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். பயிற்சி கொடுத்த பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, பொறுப்புக்கு ஆள் இல்லையென்றால் பெண்கள் நேரத்தை நிறுத்திவிடுவதாக நகரசபை சொன்னது. "நீங்கதான் சும்மா உக்காந்திருக்கீங்களே" என்று அந்தப் பெண் தன் விசிலைக் கழற்றி இவர் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவசரமென்றால் குதிக்க உயிர்காப்பாளர் ஒருத்தி இருந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்கக் காதில் விழுந்த பாடத்தை இவர் கரையிலிருந்தே திருப்பிச் சொன்னார். அது தீர்ந்துபோனபோது தன் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டார். தண்ணீரைப் பார்த்துத் தலை சுற்றும்போதெல்லாம் அவர் கூரை விளக்குகளை எண்ணுவது வழக்கம்.

"மல்லாந்து படு. காது நனையட்டும். மேல விளக்கு எத்தனன்னு எண்ணிச் சொல்லு."

பத்தைத் தாண்டுவதற்குள் கால்கள் தாமாக மேலே வந்திருக்கும்.

பேசுகிற பேச்செல்லாம் கூரைவரை ஏறி, சற்றுத் தாமதித்துத் திரும்பும். சன்னலில் இருட்டு மெல்ல நீலமாகும். சலவைத் தொட்டியில் உப்பி மிதக்கும் போர்வைகளைப் போல, அத்தனை பெண்களும் கனமில்லாமல் மிதப்பார்கள். இதெல்லாம் நாற்காலியில் கண்ணயர்ந்து தான் காணும் கனவோ, யாராவது தோளைத் தொட்டால் கலைந்துவிடுமோ என்று அவருக்குச் சில நாள் தோன்றும். இப்போது அதிகாரி வந்து தோளைத் தொட்டுவிட்டார்.

"உண்மையச் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர்.

"சொன்னா பெண்கள் நேரத்தையே மூடிடுவாங்க."

"அப்ப எறங்கிடு."

"எறங்கினா என்னைத்தான் மூடணும்."

"அதுவும் சரிதான். ஷவரத் தொறந்தாலே கண்ண இறுக்கிக்கிற ஆளு நீ."

அடுத்த ஞாயிறு, பெண்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு, அதிகாரி கேமராவோடு வந்தார். தண்ணீரில் இருபது பெண்கள். விசிலக்கா படிவரை போய்க் கைப்பிடியைப் பிடித்தார். தண்ணீர் ஆடாமல் அசையாமல் காத்திருந்தது. அவர் திரும்பி, விசிலைக் கழற்றி அதிகாரியின் கையில் வைத்தார்.

"தம்பி, எனக்கு நீச்சலே தெரியாது. விருதெல்லாம் வேண்டாம். இவங்க நேரத்த மட்டும் நிறுத்திடாதீங்க. வேற ஆளு வச்சு நடத்துங்க."

குரல் கூரைக்குப் போய்த் திரும்பியது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து ரொட்டிக்கடைக்காரம்மா சத்தம் போட்டார்.

"இதுக்கா ஒரு வாரமா ரொட்டி வாங்க வர்றப்பல்லாம் மூஞ்சியத் தொங்கப்போட்டிருந்தீங்க? உங்க செருப்பு ஒரு நாளாவது முழுசா நனைஞ்சிருக்கா? எங்களுக்கென்ன கண்ணு தெரியாதா!"

குளமே சிரித்தது.

"தெரிஞ்சேவா இவங்ககிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார் அதிகாரி.

"நீந்தத் தெரிஞ்சவங்க எல்லாரும் குதி குதின்னு உயிர வாங்கினாங்க. அக்காதான் பொறுமையா வா, ஒண்ணும் அவசரமில்லன்னாங்க. வேற ஆள வச்சீங்கன்னா நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்!"

அதிகாரி ஈரத்தில் நைந்த படிவத்தில் 'நீச்சல் கற்றுக்கொடுத்தவர்' என்ற வரியை அடித்தார். "அப்ப என்னன்னு எழுதறது?" ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் எழுதியது இது: 'பதினொரு குளிர்காலமாக இந்தக் குளத்தைத் திறந்தே வைத்திருந்தவர். ஒருவரையும் பயத்தோடு வீட்டுக்கு அனுப்பாதவர்.' விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரையிலேயே நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்.

விருதுப் பலகை இப்போது உடை மாற்றும் அறையில், தலைமுடி உலர்த்தும் இயந்திரத்துக்கு மேலே தொங்குகிறது. விசிலக்கா சலவைக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார். ஞாயிறு காலையோடு புதன் மாலையும் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டு நாளும் அவர்தான் திறக்கிறார். நீச்சல் இன்னும் தெரியாது.